நான் கொன்ற ஆல்டர்னேட்டர்கள்

என் உடம்பிலிருந்து ஏதோ கெட்ட மின்சாரம் கசிகிறது, அதனால்தான் நான் கை வைக்கிற ஆல்டர்னேட்டர்கள் செத்துப்போகின்றன என்று ஒரு காலத்தில் மனப்பூர்வமாக நம்பினேன். அறியாத வயதில் அல்ல. மீசை வைத்து, கல்யாணமாகி, நியூ ஜெர்சியில் மெக்கானிக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த எண்பதுகளின் நடுவில். நம்பியதோடு விட்டேனா? இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணை அவிழ்த்து அலமாரியில் வைத்தேன். கல்யாண மோதிரத்தைக் கழற்றினேன். பாத்திரம் கழுவ என் மனைவி கமலா வைத்திருந்த மஞ்சள் ரப்பர் கையுறையைத் திருடிக்கொண்டு வேலைக்குப் போனேன். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் என் மூளையில் மிச்சமிருந்த விஞ்ஞானம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிற என்னைத் தமிழ்ப் பள்ளி விருந்துகளில் இளவட்டங்கள் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லோரும் சுவரில் செருகி சார்ஜ் போடுகிற கார் வைத்திருக்கிறார்கள். "அங்கிள், ஆல்டர்னேட்டர்னு ஒண்ணு இருக்குமாமே, அதுக்கு என்ன வேலை?" என்று சமீபத்தில் ஒருவன் கேட்டான்.

"இன்ஜின் ஓடும்போது பெல்ட்ல சுத்தி, கரண்ட் எடுத்து, பேட்டரிய நிரப்பும்ப்பா. ஒரு தேங்கா சைஸ்ல இருக்கும்."

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்ல வாயெடுத்தேன். கேசரி தீரப்போகிறது என்று எழுந்து போய்விட்டான். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்கள் கேசரிக்கு நான் பொறுப்பில்லை.

கோயம்புத்தூரில் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தேன். பிறகு ஒரு பஸ் டிப்போவில் சில வருடங்கள். அங்கே எல்லா வண்டியிலும் டைனமோ. ஆல்டர்னேட்டரைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். கமலா நர்ஸ். அமெரிக்கா கூப்பிட்டது அவளைத்தான். நான் அவளுடைய பெட்டிகளோடு சேர்ந்து வந்து இறங்கினேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அபார்ட்மென்ட். டிப்ளமாவைக் காட்டிய இடத்திலெல்லாம் அழகாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் ஹைவே ஓரத்துக் கராஜ் ஒன்றில் சால் என்பவர், டிப்ளமாவைப் பார்க்காமல் என் நகத்தைப் பார்த்தார். நகத்துக்குள் கிரீஸ் இருந்தது. சேர்த்துக்கொண்டார். என் பெயர் சுந்தரம். அவர் வாயில் முதல் நாளே சன்னி ஆகிவிட்டது. ஆல்டர்னேட்டரை அங்கேதான் கற்றுக்கொண்டேன், பாதி.

சாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மற்ற முதலாளிகளுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும். சாலுக்குக் கூடும். சாதாரண நாளில் நான் 'சன்னி'. மனதில் ஏதோ இருந்தால் 'மிஸ்டர் சன்னி'. உச்சகட்டத்தில் 'சார்'. அவர் 'சார்' என்று கூப்பிட்ட இரண்டு மெக்கானிக்குகள் எனக்கு முன்பு அங்கே இருந்ததாகக் கேள்வி. அவர்களை நான் பார்த்ததில்லை. அதுதான் விஷயமே.

அவர் பேசியது ஜெர்சி இங்கிலீஷ். இத்தனை வருடத்தில் அது என் ஞாபகத்தில் தமிழாகவே மாறிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

சார்ஜ் ஆகாத வண்டி வந்தால் அவருக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டு கைகளையும் பேன்ட்டின் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்வார். "பானெட்டைத் தொடாதே. முதல்ல உள்ள போய் உட்கார். சாவியைப் பாதி திருப்பு. இன்ஜினை எழுப்பாதே. டாஷ்போர்டு என்ன சொல்லுதுன்னு பார்." அதற்குப் பிறகுதான் கைகள் பாக்கெட்டிலிருந்து வெளியே வரும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பேட்டரியின் இரண்டு முனைகளையும் அசைத்துப் பார்ப்பார். இன்ஜின் அணைந்திருக்கும்போது வோல்ட்மீட்டரில் பன்னிரண்டரை, ஓடும்போது பதினாலுக்கு மேல். அந்த வரிசை மாறாது. முதல் படியை நான் ஏதோ சர்ச்சுக்குள் நுழைகிறபோது செய்கிற சம்பிரதாயம் போல என்று நினைத்திருந்தேன். டாஷ்போர்டு என்ன பேசப்போகிறது? சிவப்பு விளக்கு எரிந்தால் கோளாறு, எரியாவிட்டால் சுகம். இதற்கு உட்கார வேறு வேண்டுமா?

அந்த அக்டோபரில் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து பத்மநாபன் போன் செய்தார். மருந்துக் கம்பெனியில் வேதியியல் நிபுணர். நல்ல மனிதர். உலகத்திலேயே மெதுவாகக் கார் ஓட்டுகிறவர். காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் வரை ஓட்டுவார், ரயிலில் போவார், சாயங்காலம் திரும்பி வந்து அதே வேகத்தில் வீட்டுக்கு ஊர்வார். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட அமெரிக்கர்கள் பொறுமை என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார்கள். அவரிடம் இருந்தது ஒரே வண்டி, பழுப்பு நிற டெட்ராய்ட் ஸ்டேஷன் வேகன். அவருடைய மனைவி ஜெயந்திக்கு அது பிரசவ மாதம். கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்து இறங்கியாயிற்று.

"சுந்தரம், டாஷ்போர்டுல சிவப்பு லைட் வந்துது. அப்புறம் இன்ஜின் பக்கத்துலேர்ந்து ஒரு மாதிரி ஊளையிடறது. ஜெயந்தியை வேற அழைச்சிண்டு போகணும். கொஞ்சம் பாத்துடேன்."

சனிக்கிழமை கொண்டுவந்தார். ஊளை ஆல்டர்னேட்டரிலிருந்துதான். பேரிங் போய், உள்ளே கம்பிகள் கருகி, இன்ஜினை எவ்வளவு உறுமவிட்டாலும் மீட்டர் பன்னிரண்டைத் தாண்டவில்லை. சந்தேகமே இல்லாத மரணம். புதுப்பிக்கப்பட்ட ஆல்டர்னேட்டர் ஒன்றைப் போட்டேன். ஸ்டார்ட் செய்து, எல்லா மெக்கானிக்கும் செய்கிற மாதிரி ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தேன். பதினாலுக்கு மேல்.

"இப்ப சிவப்பு லைட் ஏதாவது எரியுதா?" என்று கேட்டேன்.

பத்மநாபன் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை. சுத்தம்."

ஜெயந்தியும் கூட வந்திருந்தார். மேடான வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணா, நம்பலாமா?" என்றார். "நீங்க ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டிலதான் போறீங்க. என் பொறுப்பு" என்றேன். வாய். அதற்கு ஒரு ஃப்யூஸ் வைத்துப் படைத்திருக்கலாம்.

அடுத்த வாரம் வேறொரு வண்டிக்குக் கீழே படுத்திருந்தேன். தரையோடு தரையாகப் பார்த்தால் டோ டிரக் ஒன்று உள்ளே வந்தது. அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டு ஒரு பழுப்பு நிறப் பின்பக்கம். எனக்கு அந்தப் பின்பக்கம் தெரியும். எழுந்த வேகத்தில் சைலன்சரில் நெற்றி இடித்தது.

ரயிலிலிருந்து இறங்கி வந்து சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் என்றார் பத்மநாபன். மழையில் நனைந்திருந்தார். அன்று ஜெயந்திக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட், போகவில்லை. பேட்டரி காலி. டாஷ்போர்டு கும்மிருட்டு. இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்க, மீட்டர் பன்னிரண்டில் நின்று கீழே இறங்க ஆரம்பித்தது. புது ஆல்டர்னேட்டர் ஒரு சொட்டு மின்சாரம் தரவில்லை. பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லையே!

சால் வந்து பார்த்தார். "புதுப்பிச்சது. சில சமயம் அப்படி வரும், சன்னி. ஒரு தடவை வரும்." அந்த 'ஒரு தடவை'யை அவர் அழுத்தினாரா, அல்லது என் காது அழுத்தியதா தெரியாது. அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டினேன். ஒரு மிதி. பதினாலுக்கு மேல். சிவப்பு விளக்கு இல்லை. வீட்டுக்கு அனுப்பினேன். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மூன்று தோசை சாப்பிட்டதாகக் கமலா சொன்னாள்.

இரண்டே நாள். அதே டோ டிரக், அதே கொக்கி, அதே பின்பக்கம். டிரைவர் கையசைத்தான். பழகிவிட்டான்.

"மிஸ்டர் சன்னி," என்றார் சால்.

அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்கடிகாரம் நின்றிருந்தது. போன மாதம் நான் தொட்ட ரேடியோவும் நின்றது. எல்லாம் பொருந்தியது.

"கமலா, என் கைல ஏதோ கோளாறு இருக்கு."

"தெரியுமே. நீங்க அடிச்ச ஷெல்ஃப் விழுந்துச்சே."

"அது இல்ல. கரண்ட். என் உடம்புல ஓடற கரண்ட் வேற மாதிரி. நான் தொட்டா மெஷின் செத்துடுது."

கமலா அருகில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "பல்ஸ் நார்மல். மூளைக்கு டெஸ்ட் எங்க வார்டுல கிடையாது. வாட்சுக்குச் சாவி குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. ஆனால் பயந்தவனிடம் சாட்சியை மறுத்து என்ன பயன்? அரைஞாண் போனது. மோதிரம் போனது. மறுநாள் கையுறையோடு கராஜுக்குள் நுழைந்தேன்.

அன்று நான் செய்த சோதனையைப் போல என் வாழ்நாளில் எந்த வண்டிக்கும் செய்ததில்லை. பேட்டரியை முழுக்க சார்ஜ் போட்டு, சுமை கொடுத்துப் பார்த்தேன், தாங்கியது. பெல்ட், இறுக்கம். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையில் மீட்டரின் ஒரு கம்பி, பேட்டரியின் பாசிட்டிவில் மறு கம்பி. நடுவில் மின்சாரம் எங்காவது தொலைகிறதா என்று பார்த்தேன். இல்லை. அதேபோல இன்ஜின் உடம்புக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில். இல்லை. பிறகு சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் இடையில் ஒரு டெஸ்ட் லைட்டைத் தொடுத்தேன். வண்டி தூங்கும்போது எதுவோ மின்சாரத்தைக் குடித்தால் லைட் எரியும். எரிந்தது! "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று துள்ளிக் குதித்தேன். பின்கதவு சரியாக மூடவில்லை, உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடினேன். டெஸ்ட் லைட் அணைந்தது. நானும்.

கடைசியாக ஸ்டார்ட் செய்து, பலமாக ஒரு மிதி. பதினாலுக்கு மேல். ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டேன். பதினாலுதான். பொறுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இன்ஜினை அணைத்தேன். என் முன்னால் எல்லாம் ஒழுங்கு. பத்மநாபன் வீட்டுக்குப் போனால் சாவு. இதைவிட என்னை வேறு எது நடுங்க வைத்திருக்கும்? நிலையாக ஓடாத வண்டியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னிடம் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் வண்டியை என்ன செய்வது?

சால் என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லஞ்சுக்கு அப்புறம் பாத்திரம் கழுவப் போறியா?"

"ஷாக் அடிக்காம இருக்க," என்றேன்.

"பன்னிரண்டு வோல்ட்."

"ஆமா."

"உன் நாக்குல வெச்சாக்கூட ஒண்ணும் ஆகாது." கைகளைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டார். "நீயே வண்டிய அவங்க வீட்ல கொண்டுபோய்க் குடு. பிரசவம் ஆகப்போற பொண்ணு, பாவம். ஆனா இன்னொரு தடவை இது கொக்கில தொங்கிட்டு வந்தா..." நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். "ஓட்டிட்டுப் போங்க, சார்."

சார்!

ரூட் ஒன் ஹைவேயில் மழை. சாயங்கால நெரிசல். ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாம் போட்டுக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரைப் பாம்பின் தலையைத் தொடுவதுபோலத் தொட்டுத் தொட்டு ஓட்டினேன். பத்மநாபனையே தோற்கடிக்கும் வேகம். என் கெட்ட மின்சாரம் பாதத்தின் வழியாக இறங்கிவிடக் கூடாதே என்று ஷூவுக்குள் செய்தித்தாள் வேறு மடித்து வைத்திருந்தேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

கதவைத் திறந்த மாமியாருக்கு என்னைப் பார்த்ததும் பரம சந்தோஷம். நவராத்திரி நேரம், வருகிறவர்கள் எல்லாம் விருந்தாளிதான். ஹாலில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே வேட்டி விரித்து, படி கட்டிக் கொலு வைத்திருந்தார். கீழே ஒரு பொம்மை ரயில் வட்டமடித்தது. பக்கத்தில் களிமண் மலை, உச்சியில் முருகன், மலையின் குகைக்குள் முத்துப்போல ஒரு விளக்கு.

"ரொம்ப ஜோரா இருக்கு மாமி," என்றேன், சுண்டலை வாங்கிக்கொண்டே.

"எல்லாம் மாப்பிள்ளை கைவேலை. ரயில் பெட்டியோட டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்தே விளக்குக்கும் இழுத்துட்டார்."

பத்மநாபன் அடக்கமாகச் சிரித்தார். "வண்டி இப்ப ஓகேவா, சுந்தரம்?"

"ராஜா மாதிரி," என்றேன். இரண்டாவது வாய் சுண்டல் உள்ளே போவதற்குள் ஜெயந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தார்.

"ஏன்னா, டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்கோ. ஆரம்பிச்சுடுத்து."

நான் இந்த மாதிரி சமயத்தில் எப்படி நடந்துகொள்வேன் என்று எனக்கே ஓர் ஆவல் இருந்தது. அன்று தெரிந்தது. பத்மநாபனை முந்திக்கொண்டு ஓடிப்போய் ஃபோனை எடுத்தேன். ஆம்புலன்சைக் கூப்பிட நினைத்து எண்களைச் சுழற்றினேன். "கராஜ்," என்றது சாலின் குரல். பயத்தில் என் விரலுக்குத் தெரிந்தது அந்த ஒரு எண்தான். வைத்துவிட்டேன்.

பத்மநாபன் டாக்டரிடம் பேசினார். முதல் பிரசவம், அவகாசம் இருக்கிறது, பதறாமல் காரில் அழைத்து வாருங்கள் என்றார்களாம். காரில்! நல்ல யோசனை. எந்தக் கார் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஜெயந்தியும் மாமியும் பின்சீட்டில். பத்மநாபன் ஓட்டினால் குழந்தை வழியிலேயே பள்ளிக்கூடம் சேர்ந்துவிடும் என்பதால் நான் ஸ்டியரிங்கில், அவர் என் பக்கத்தில். சாவியைத் திருப்பினேன்.

உர்ர்... உர்ர்... உர்ர்ர்...

இன்ஜின் கிழவன் மாடி ஏறுகிற மாதிரி சுற்றியது. காலையில் வழிய வழிய நிரப்பிய பேட்டரி!

"என்ன சத்தம் அது?" என்றார் மாமி.

"வண்டி செருமுது மாமி."

கடைசி உர்ரில் பிடித்துக்கொண்டது. இரண்டு தெரு தாண்டினோம். பொழுது சாய்ந்திருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி ரோட்டில் விழுந்தது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் யோசித்து நின்றது. சிக்னலில் நின்றபோது இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கியது. இதோ நிற்கப்போகிறது. மழையில், நடு ரோட்டில், பின்சீட்டில் பிரசவ வலியோடு ஒரு பெண், 'என் பொறுப்பு' என்று சொன்ன முட்டாள் முன்சீட்டில். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. பச்சை விழுந்ததும், மிதித்த மிதியில் பெடல் தரையைத் தொட்டது.

டயர் கதறியது. மாமி முருகனைக் கூப்பிட்டார். இன்ஜின் எகிறியது. எகிறிய அந்த நொடியில் ரோடு வெள்ளை வெளேரென்று ஆனது. ஹெட்லைட் பகல் மாதிரி. வைப்பர் சடக் சடக்கென்று பறந்தது. ஹீட்டர் காற்று முகத்தில் அடித்தது.

காலை எடுத்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

தூங்கிக்கொண்டிருந்த ஆல்டர்னேட்டர் இப்போதுதான் விழித்திருக்கிறது. நான் மிதித்ததால் விழித்திருக்கிறது. கராஜில் ஒவ்வொரு தடவையும் மிதித்தேன், விழித்தது. பத்மநாபன் பிறந்ததிலிருந்து எந்த ஆக்ஸிலரேட்டரையும் மிதித்ததில்லை. ஒரு நாளும் விழிக்கவில்லை.

டிப்போவில் நான் பழகிய டைனமோவுக்கு யாருடைய உதவியும் வேண்டாம். அதன் இரும்பில் தங்கியிருக்கிற காந்தமே அதை எழுப்பிவிடும். ஆல்டர்னேட்டர் அப்படி இல்லை. எழுந்திருக்க முதலில் வெளியிலிருந்து அதற்கு ஒரு வாய் மின்சாரம் ஊட்டவேண்டும். இந்த வகை வண்டிகளில் அந்த ஒரு வாய் எந்த வழியாகப் போகிறது? டாஷ்போர்டின் சிவப்பு பல்ப் வழியாக. சாவியைப் பாதி திருப்பும்போது அந்த விளக்கு எரிவது அதனால்தான். ஆல்டர்னேட்டர் எழுந்ததும் அணைவதும் அதனால்தான். ஊட்டாமல் விட்டால், யாராவது வெறிபிடித்துச் சுற்றினால் ஒழிய அது எழுந்திருக்காது. படித்ததுதான். பரீட்சைக்குப் படித்தது.

சற்றுமுன் நான் சாவியைத் திருப்பியபோது சிவப்பு எரிந்ததா? எரியவில்லை. ஒரு நாளும் எரிந்து நான் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை.

"பத்மநாபன் சார், இந்த டாஷ்போர்டுல இருந்த சிவப்பு லைட்டு..."

"எரியலையே? அப்ப நல்லதுதானே?"

"எரியல சரி. பல்ப் இருக்கா?"

பத்மநாபன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். பின்சீட்டிலிருந்து மாமியின் குரல் வந்தது.

"அதைத்தான் எடுத்தாச்சே. நெறமாசக்காரி கண் முன்னாடி எந்நேரமும் ரத்தச் சிவப்பா ஒரு வெளிச்சம் எரியலாமோ? நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"எப்ப எடுத்தீங்க?"

"உன்கிட்ட முதல்ல கொண்டுவர்றதுக்கு முந்தின நாள்," என்றார் பத்மநாபன் மெல்ல. "எப்படியும் ரிப்பேருக்குப் போறது. அப்புறம் எச்சரிக்கை எதுக்குன்னு தோணித்து. திருப்பிப் போடணும்னுதான் வெச்சிருந்தேன்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"முருகன் மலைக்குள்ள எரியறதே, பாக்கலையா?" என்றார் மாமி.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர். பத்மநாபன் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"மூணு பேரும் பல்பைப் பத்தி அப்புறமாப் பேசலாமா?" என்று ஜெயந்தி கத்தினார். "அண்ணா, அந்த டர்ன்தான்! திருப்புங்கோ!"

திருப்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை இறக்கிவிட்டபோதும் நான் இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி தூங்கிவிடுமே. பார்க்கிங் லாட்டில் வெகுநேரம் உறுமவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு காவலாளி வந்து, யாரையாவது கூப்பிடவேண்டுமா என்று கரிசனமாகக் கேட்டார். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது மறுபடி மாட்டிய மஞ்சள் கையுறையை நான் இன்னும் கழற்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பொழுது விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. அவசரம் எதுவும் இருக்கவில்லை. நான் நடந்தே கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் நேரம் இருந்திருக்கும் என்று கமலா கணக்குப் போட்டுச் சொன்னாள்.

காலையில் பல்பை எடுக்க வீட்டுக்குப் போனேன். துணிமணி எடுத்துப்போக வந்திருந்த மாமி என்னைக் கொலுவின் பக்கம் விடவில்லை. குழந்தை பிறந்த தீட்டு. வீட்டில் யாரும் கொலுவைத் தொடக்கூடாது. எனக்குத் தீட்டு இல்லையே என்றேன். முருகன் இருட்டில் இருப்பாரா என்றார். நியாயம்தான். கராஜிலிருந்து ஒரு புது பல்ப் கொண்டுபோய் டாஷ்போர்டில் செருகினேன். உள்ளே உட்கார்ந்தேன். சாவியைப் பாதி திருப்பினேன். சிவப்பு எரிந்தது. ஸ்டார்ட் செய்தேன். மிதிக்கவில்லை. அணைந்தது. மீட்டரைப் பிடித்தேன். பதினாலுக்கு மேல்.

சாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கையுறை உட்பட. அவர் சிரிக்கவில்லை. 'சார்' என்றும் சொல்லவில்லை. நான் முதலில் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்த புது ஆல்டர்னேட்டரை எடுத்துச் சோதனைப் பெஞ்சில் பூட்டினார். அந்தப் பெஞ்சில் ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு மீட்டர், பலகையில் திருகிய ஒரு சின்ன பல்ப். சுவிட்சைப் போட்டார். பல்ப் எரிந்தது. மோட்டாரை மெதுவாகச் சுற்றவிட்டார். பல்ப் அணைந்தது, முள் பதினாலைத் தாண்டி நின்றது. மோட்டாரை நிறுத்தி, பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறுபடி அதே மெதுவில் சுற்றவிட்டார். முள் அசையவில்லை.

வண்டியோடு வந்த ஆல்டர்னேட்டர் கெட்டுப்போயிருந்தது. நான் போட்ட இரண்டும் நன்றாக இருந்தன. வண்டியில் ஒரு பல்ப் இல்லை.